மலை ஏறும்போது 'மடார்' என்று அறுகிறது சைக்கிள் செயின்! முடி கனம் தேய்ந்தாலே ஆபத்து

சேலம்,–

சைக்கிள் செயின் என்றதும் பலருக்கு சினிமா ரவுடிதான் ஞாபகத்துக்கு வருவான். கையில் சுற்றிக்கொண்டு, "வாடா பார்க்கலாம்" என்று சுழற்றுவான். எதிரே நிற்பவர்கள் சிதறி ஓடுவார்கள்.

நிஜத்தில் நடப்பதே வேறு. சைக்கிள் செயின் ஆளைக் கவிழ்க்கிறது என்றால், கவிழ்வது எதிரே நிற்பவர் அல்ல. அதை மிதித்துக்கொண்டு போகிறவரேதான்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் போய் நின்றால் தெரியும். தலையில் ஹெல்மெட், முதுகில் பை, காலில் பூட்ஸ் சகிதம் வாலிபர்கள் கியர் சைக்கிளில் ஏற்காடு அடிவாரத்தை நோக்கிப் பறக்கிறார்கள். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. இன்னும் துணிச்சல்காரர்கள் நாமக்கல் பக்கம் போய், காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு மிதிக்கிறார்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு!

டயர் பார்ப்பார்கள். காற்று பார்ப்பார்கள். பிரேக் பிடித்துப் பார்ப்பார்கள். செயினை மட்டும் குனிந்து பார்ப்பவர் அபூர்வம்.

வளைவில் எழுந்து நின்று ஒரு மிதி மிதிக்கும்போதுதான் 'மடார்' என்று சத்தம் கேட்கும். பிறகு நடப்பதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

விழுவது எப்படி?

மேட்டில் ஏறும்போது உடம்பு கனம் முழுவதும் ஒரு பெடல் மேல் இருக்கிறது. செயின் அறுந்ததும் அந்த பெடலுக்கு எதிர்ப்பே இல்லை. கால் சர்ரென்று கீழே போகும். நெஞ்சு ஹேண்டில் பாரில் மோதும். சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

தரையில் விழுந்தால் முட்டி சிராய்ப்போடு போகலாம். மலை ரோட்டில் அப்படி இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

நாமக்கல் மாவட்டத்து ரோடுகளிலும் இதே கதிதான். லாரியும், ரிக் வண்டியும், டேங்கரும் இரவு பகலாக ஓடும் பூமி அது. ஓரமாக மேம்பாலம் ஏறும் சைக்கிள்காரர் திடீரென்று ரோட்டின் நடுவே சாய்ந்தால் எந்த டிரைவரால் பிரேக் போட முடியும்?

70 கிலோ ஆள். 260 கிலோ இழுவை!

ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம்.

70 கிலோ எடை உள்ள ஒருவர் பெடல் மேல் எழுந்து நிற்கிறார். செயின் மீது எவ்வளவு இழுவை விழும்? 70 கிலோ என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தப்பு.

பெடல் கட்டை நீளம்; பல் சக்கரம் சின்னது. நெம்புகோல் கதைதான். 48 பல் உள்ள பழைய சைக்கிளின் பெரிய சக்கரத்தில் செயினை இழுக்கும் விசை சுமார் 120 கிலோ. கியர் சைக்கிளில் 32 பல் சக்கரம் என்றால் 180 கிலோவைத் தாண்டும். மலை ஏற 22 பல் உள்ள சின்ன சக்கரத்தில் போட்டால் 260 கிலோவையும் தாண்டிவிடும்!

காலுக்கு சுகமாக இருக்கட்டும் என்று சின்ன சக்கரத்தில் போடுகிறோம். கால் தப்பித்தது. மாட்டிக்கொண்டது செயின்.

இதைத் தாங்காதா? தாங்கும். நல்ல சைக்கிள் செயின் நேராக இழுத்தால் 800 கிலோ வரை தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. புது செயின் வெறும் மிதிக்கு அறுந்ததாகக் கேள்விப்படுவது அரிது.

அப்படியானால் அறுப்பது யார்? மூன்று பேர். ஒன்று, தேய்மானம். இரண்டு, சரியாக இறங்காத பின். மூன்று, முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே 'டக்'கென்று கியர் மாற்றும் அவசரப் புத்தி.

செயின் நீளுமா?

"செயின் இழுத்துப் போச்சு" என்று சொல்வது வழக்கம். ரப்பர் மாதிரி இரும்புத் தட்டு நீண்டுவிட்டதாக நினைப்பு. உண்மை அதுவல்ல.

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். செவ்வாய்பேட்டை கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகக் காலில் கிடந்த கொலுசைப் பார்த்தால், கண்ணியும் கண்ணியும் உரசும் இடம் மட்டும் மெலிந்திருக்கும். வெள்ளி நீளவில்லை. உரசிய இடம் கரைந்திருக்கிறது.

சைக்கிள் செயினும் அப்படியே. ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஒரு பின் இருக்கிறது. செயின் பல்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பின் மேல் கண்ணி திரும்புகிறது, உரசுகிறது. நாளடைவில் பின் மெலிகிறது. ஓட்டை பெரிதாகிறது.

கண்ணிக்குக் கண்ணி இருக்க வேண்டிய தூரம் அரை அங்குலம். அதாவது 12.7 மில்லி மீட்டர். அதில் ஒரு தலைமுடி கனம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் செயினில் 114 கண்ணி இருந்தால் 114 தலைமுடி! மொத்தம் 7 மில்லி மீட்டருக்குப் பக்கம் வந்துவிடும். செயின் தொங்கும். பல்லில் சரியாக உட்காராது. 'கட கட' என்று சத்தம் போடும்.

மணல்தான் எமன்!

தேய்ப்பது எது? இரும்பும் இரும்பும் உரசினால் தேயும் என்பது பாதி உண்மை. நடுவில் எண்ணெய் இருந்தால் அந்தத் தேய்மானம் ரொம்பக் குறைவு. உண்மையான எமன் மணல்.

மோகனூர், பரமத்திவேலூர் காவிரிக் கரை மணலானாலும் சரி, ஜல்லி கிரஷர் தூசியானாலும் சரி, அதில் வெண்கல் துகள் இருக்கிறது. சாதாரண இரும்பைவிடக் கெட்டியான துகள் அது. உப்புக் காகிதத்தில் ஒட்டியிருப்பது மாதிரியான சரக்குதான்.

மணல் வெறுமனே செயின் மேல் விழுந்தால் கொட்டிப் போய்விடும். எண்ணெய் வழிய வழிய இருந்தால்? ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் மணலும் குழைந்து கருப்பாக ஒரு பசை உண்டாகும். அந்தப் பசை பின்னுக்கும் கண்ணிக்கும் நடுவே புகுந்து அரைக்க ஆரம்பிக்கும். அம்மியில் மஞ்சள் அரைக்கிற கதைதான்!

மழைக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஐப்பசி மழையில் தண்ணீர் எண்ணெயைக் கழுவிவிடும். ரோட்டுச் சேறு உள்ளே போகும். ஒரு நாள் அலட்சியமாக விட்டால் மறுநாள் காலை சிவப்பாகத் துரு நிற்கும்.

கடைக்காரர் மேல் பழி

சைக்கிள் கடைகளில் அடிக்கடி நடக்கிற சண்டை ஒன்று உண்டு. அது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"ஏனுங்கண்ணா, நேத்துத்தானே புதுச் செயின் போட்டீங்க. மிதிச்சா நழுவுதே!"

"செயின் நல்ல செயின்தான் தம்பி. பல்லு போயிருச்சு. ப்ரீவீலையும் மாத்தோணும்."

"அதை நேத்தே சொல்றதுக்கென்னங்க?"

கேட்பவருக்குக் கோபம். தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார். ஆனால் பெரும்பாலும் கடைக்காரர் சொல்வதே சரி.

காரணம் இது. தேய்ந்த செயின் தன் தூரத்துக்கு ஏற்றபடி பல்லையும் அரித்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே கெட்டுப் போகின்றன. அதனால் சேர்ந்து ஓடும்போது சத்தம் தெரிவதில்லை. புதுச் செயின் சரியான அரை அங்குலத்தோடு வருகிறது. அரித்துப் போன பல்லில் அது உட்கார மறுக்கிறது. அழுத்தி மிதித்ததும் தாவுகிறது.

செயினுக்குச் சில நூறு ரூபாய். கியர் சைக்கிளின் பின் சக்கரப் பல் செட்டு, முன் சக்கரப் பல் எல்லாம் சேர்த்து மாற்றினால் ஆயிரக்கணக்கில் போகும். அந்தச் சில நூறைத் தள்ளிப் போட்டவர்தான் பிறகு ஆயிரத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

அடி ஸ்கேல் போதும்!

செயின் போய்விட்டதா இல்லையா என்று பார்க்க பெரிய மெக்கானிக் தேவையில்லை. பையனின் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் அடி ஸ்கேல் போதும்.

செயினை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயின் என்றால் 24-வது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும்.

12 அங்குலத்தைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஒன்றரை மில்லி மீட்டர் போயிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டியதுதான். பல் தப்பிக்கும்.

எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லி மீட்டர் போயிருந்தால் பல்லும் கூடவே போயிருக்கும். இரண்டுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

இதற்கென்றே சின்ன அளவுக் கருவியும் கடைகளில் கிடைக்கிறது. கண்ணிக்குள் விட்டுப் பார்ப்பார்கள். தடுக்காமல் உள்ளே இறங்கினால் செயின் முடிந்தது என்று அர்த்தம்.

சுத்தியல் வைத்தியம்

அந்தக் காலத்து சைக்கிளில் செயின் அறுந்தால் வைத்தியம் சுலபம். ஒரு ஆணி, ஒரு சுத்தியல். பழைய பின்னைத் தட்டி எடுத்து, ஒரு கண்ணியைக் கழற்றிப் போட்டு, அதே பின்னைத் திரும்ப அடித்துவிடுவார்கள். மேலும் ஐந்து வருஷம் ஓடும்.

அந்த வைத்தியம் இன்றைய கியர் சைக்கிளுக்கு ஆகாது. ஏன்?

பின்னால் பல் சக்கரங்கள் 7, 8 என்று இருந்தது போய் இப்போது 10, 11, 12 என்று வந்துவிட்டது. அத்தனையும் அதே இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் செயினை ஒல்லியாக்கிவிட்டார்கள். தட்டுக்கு வெளியே பின் நீட்டிக்கொண்டு இருப்பதே கிடையாது. ஒருமுறை அடித்து வெளியே தள்ளிய பின்னைத் திரும்பப் போட்டால் பிடிப்புப் போய்விடும். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது வளைவில் தட்டு விரிந்துகொண்டு வெளியே வரும்!

இந்தச் செயினுக்கென்றே கையால் மாட்டும் லாக் வருகிறது. அதைத்தான் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் பையில் ஒரு லாக்கும், பின் தள்ளும் சின்னக் கருவியும் வைத்திருந்தால் நடுக்காட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியதில்லை.

லாக் வாங்கும்போதும் எத்தனை கியர் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். 8 கியர் லாக் 11 கியர் செயினுக்குச் சேராது.

எண்ணெய் எது?

செயின் விஷயத்தில் ஊருக்கு ஊர் கை வைத்தியம்.

ஒர்க்ஷாப்பில் வடித்த வேஸ்ட் ஆயில் போடுவோர் பலர். காசு இல்லாமல் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கருப்பு எண்ணெயில் இருப்பது என்ன? எஞ்சினில் தேய்ந்த இரும்புத் தூளும் கரியும். தேயாமல் இருக்கப் போடும் எண்ணெயிலேயே தேய்க்கும் சரக்கு!

தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் போட்டால் இரண்டு நாள் வழுக்கும். பிறகு பிசினாகிவிடும். கிரீஸ் அப்பினால் வெளியில்தான் நிற்கும். பின் இருக்கும் இடத்துக்குள் போகாது. தூசியை மட்டும் அழைத்து வந்து உட்கார வைக்கும்.

சரியான வழி என்ன? முதலில் பழைய துணியால் செயினை அழுக்குப் போகத் துடைக்க வேண்டும். ரொம்ப அழுக்கு என்றால் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காய விட வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் கழுவினால் செயினுக்கு முன்னால் வீடு போய்விடும், ஜாக்கிரதை!

பிறகு செயினுக்கென்று விற்கும் எண்ணெயோ, மெல்லிய மெஷின் ஆயிலோ ஒவ்வொரு ரோலருக்கும் ஒரே ஒரு சொட்டு. பெடலைப் பின்பக்கமாகப் பத்து சுற்று. கொஞ்ச நேரம் ஊற விட்டு, வெளியில் இருக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும். வெளியே தெரியக் கூடாது. இதுதான் ரகசியம்.

சிலர் மெழுகு முறைக்கு மாறியிருக்கிறார்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்கி, சுத்தமான செயினை அதில் முக்கி எடுக்கிறார்கள். காய்ந்த மெழுகில் தூசி ஒட்டாது. புழுதி ரோட்டுக்கு நல்ல வழி. நேராகத் தீயில் வைத்து உருக்கினால் மெழுகு பற்றிக்கொள்ளும். மழையில் நனைந்தால் திரும்பவும் முக்க வேண்டும்.

புதுச் செயினைப் பிரித்ததும் மண்ணெண்ணெயில் அலசும் பழக்கமும் தப்பு. கம்பெனியில் போட்டு அனுப்பும் பசை பின் வரைக்கும் உள்ளே போயிருக்கிறது. எண்ணெயே போடுவதாக இருந்தால் வெளியில் துடைத்தால் போதும். மெழுகுக்கு மாறுகிறவர்கள்தான் அதை முழுக்கக் கழுவ வேண்டும்.

எவர்சில்வர் செயின் வராதா?

சேலம் இரும்பாலை 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்ததில் இருந்து 'எவர்சில்வர்' என்றால் சேலம்தான். துருவே பிடிக்காதே, அதில் செயின் செய்தால் என்ன என்று கேட்கலாம்.

பாத்திரத்துக்குப் போடும் எவர்சில்வர் மெத்தென்ற ரகம். பழுக்கக் காய்ச்சி முக்கினாலும் அது கெட்டிப்படாது. செயின் பின்னுக்குத் தேவை மேல்தோல் கெட்டி, உள்ளே இளக்கம். அதற்காகவே வேறு எஃகை எடுத்துச் சூடேற்றிப் பக்குவப்படுத்துகிறார்கள். துருவை எண்ணெயால் தடுத்துவிடலாம். தேய்மானத்தைப் பளபளப்பால் தடுக்க முடியாது.

விமானத்தை இழுத்த செயின்!

இந்தச் செயின் சாதாரண ஆசாமி அல்ல. ஹான்ஸ் ரெனால்டு என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1880-ல் கண்டுபிடித்த ரோலர் செயின்தான் இன்றைக்கும் அடிப்படை. அது வந்த பிறகே பின் சக்கரத்தைச் செயினால் ஓட்டும் இன்றைய சைக்கிள் நிலைத்தது.

1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில் எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே ஓடியதும் செயின்தான். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா! அந்தச் செயினைச் செய்த அமெரிக்கக் கம்பெனிதான் பிற்பாடு 'டைமண்ட் செயின்' என்று பெயர் பெற்றது. அதே டைமண்ட் பெயரில் முருகப்பா குழுமம் சென்னை அம்பத்தூரில் செயின் செய்தது. கோவையில் 1937-ல் தொடங்கிய எல்.ஜி.பாலகிருஷ்ணன் கம்பெனியின் 'ரோலான்' செயின் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

மலை சைக்கிள் மட்டும் பிற்பாடு வந்தது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாலிபர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டு போய் இறக்கி விளையாடினார்கள். அந்த விளையாட்டே 1980-களில் உலகம் பூராவும் வியாபாரமானது.

எத்தனை கிலோ மீட்டர் ஓடும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. புழுதியில் ஓட்டி, துடைக்காமல் விட்டால் கியர் சைக்கிள் செயின் 1,500 கிலோ மீட்டரிலேயே முடிந்துவிடலாம். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விட்டால் 4,000, 5,000 கிலோ மீட்டர் கூட ஓடும்.

தினம் 20 கிலோ மீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர் மாதம் 25 நாளில் 500 கிலோ மீட்டர் ஓட்டிவிடுகிறார். அவருக்கு 1,500 என்பது மூன்றே மாதம்! விலை கூடின செயின் வாங்கினால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. 12 கியர் செயின் எவ்வளவு உசத்தி ஆனாலும் மணலுக்கு முன்னால் ஒல்லி ஆள்தான்.

பள்ளிக்கூட சைக்கிள்

இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் கவலை என்று ஒதுக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் பிளஸ்-1 படிக்கும் மாணவ, மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கப்படுகிறது. கிராமத்தில் இருந்து வரும் பெண் பிள்ளைகளுக்கு அதுதான் பஸ்.

அதற்குக் கியர் கிடையாது. செயின் தடிமன்; தாங்கும். ஆனால் செயின் லூசானால் பின் வீலைத் தள்ளி டைட் வைத்துக் கொடுப்பதோடு கடையில் வேலை முடிந்துவிடுகிறது. தேய்மானம் அப்படியே இருக்கிறது. மறைந்துதான் நிற்கிறது. பிறகு ஒரு நாள் பரீட்சைக்குப் போகும் வழியில் செயின் கழன்று, சுடிதார் துப்பட்டாவும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது தடவை டைட் வைக்கச் சொல்லிப் போகும்போது, "ஸ்கேல் வச்சு ஒரு தடவை பாருங்கண்ணா" என்று கேட்டுவிடுவது நல்லது. செயின் கவர் உடைந்திருந்தால் முதல் வேலையாக அதை மாட்ட வேண்டும். மணலையும் தடுக்கும், துணியையும் காக்கும்.

மலை ஏறுமுன்...

மலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவ்வளவுதான்:

புறப்படுவதற்கு முதல் நாளே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பெடலைப் பின்பக்கம் மெதுவாகச் சுற்றி, எந்தக் கண்ணியாவது விறைத்து நிற்கிறதா, தட்டு விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வளைவு வருவதற்கு முன்பே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசியின் உள் பக்கம்தான் செங்குத்து. அங்கே போய் நின்று மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். மாற்றும் அந்த ஒரு நொடி மிதியைத் தளர்த்த வேண்டும்.

முன்னால் பெரிய சக்கரம், பின்னாலும் பெரிய சக்கரம் என்று கோணலாக ஓட்டக் கூடாது.

இறங்கும்போது செயினுக்கு ஓய்வு. அப்போது உயிர் பிரேக் கட்டையிடம் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

மொத்தத்தில் வாரத்துக்குப் பத்து நிமிஷம், ஒரு பழைய துணி, நூறு சொட்டு எண்ணெய். இதற்குச் சோம்பல்பட்டால் மிச்சத்தை ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டி வரும்.